ஜூன் 24: ஒரு தேதியில் இரு பிறப்பு

தேதிவாரியாக இசை வரலாற்றைப் படிக்கும் வழக்கம் உலகெங்கும் உண்டு. ராக் ரசிகர்களுக்கு ஜூன் 24 என்றால் கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக் (1944), டிரம்மர் மிக் ஃபிளீட்வுட் (1947) இருவரின் பிறந்தநாள்; 1966இல் பீட்டில்ஸ் குழு மியூனிக்கில் மேடையேறிய நாளும் அதுவே. நமக்கோ அந்தத் தேதி இன்னும் நெருக்கம். 1927 ஜூன் 24 அன்று காரைக்குடிப் பக்கம் சிறுகூடல்பட்டியில் கண்ணதாசன் பிறந்தார். சரியாக ஓராண்டு கழித்து, 1928 ஜூன் 24 அன்று பாலக்காட்டு எலப்புள்ளியில் எம்.எஸ்.விஸ்வநாதன் பிறந்தார்.

பிறந்தநாள் ஒத்துப்போனது தற்செயல். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட கவிஞரும், மலையாளம் பேசும் வீட்டில் பிறந்த இசையமைப்பாளரும் தமிழ்ப் பாட்டின் போக்கை மாற்றியது தற்செயல் அல்ல.

பாபநாசம் சிவனும் எம்.கே.தியாகராஜ பாகவதரும் கோலோச்சிய காலத்தில் திரைப்பாட்டில் ராகமே முன்னால் நின்றது. கண்ணதாசன் 1949இல் 'கன்னியின் காதலி' வழியே உள்ளே வந்தார். 1952இல் இசையமைப்பாளர் சி.ஆர்.சுப்புராமன் மறைந்தபோது, அவர் விட்டுச்சென்ற படங்களை முடித்துக் கொடுத்தவர்கள் விஸ்வநாதனும் டி.கே.ராமமூர்த்தியும். அதே ஆண்டு 'பணம்' படத்தில் அவர்கள் இரட்டையராக அறிமுகமானார்கள். அதைத் தயாரித்த ஏ.எல்.சீனிவாசன், கண்ணதாசனின் அண்ணன்.

இவர்கள் வேலை செய்த விதம் ஆராயத் தக்கது. விஸ்வநாதன் ஹார்மோனியத்தில் மெட்டை வாசித்துத் தத்தகாரத்தில் பாடிக் காட்டுவார். கண்ணதாசன் வரிகளைச் சொல்லச் சொல்ல, உதவியாளர் பஞ்சு அருணாசலம் எழுதிக்கொள்வார். சில பாட்டுகளில் வரி முந்தியது, மெட்டு பிந்தியது. எது முந்தினாலும், பேசும்போது ஒரு சொல் எப்படி ஒலிக்குமோ அப்படியே பாட்டிலும் ஒலிக்க வேண்டும் என்பதில் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. 1961இல் பீம்சிங் இயக்கிய 'பாவமன்னிப்பு', 'பாசமலர்', 'பாலும் பழமும்' மூன்றும் இதற்குச் சான்று. 1964இல் இந்துஸ்தானி ராகங்களில் தோய்ந்த 'கர்ண'னும், மேற்கத்தியத் துள்ளலோடு 'காதலிக்க நேரமில்லை'யும் ஒரே கூட்டணியிலிருந்து வந்தன. 1965இல் இரட்டையர் பிரிந்த பிறகும் கவிஞரும் விஸ்வநாதனும் தொடர்ந்தார்கள். பாடலாசிரியருக்கான தேசிய விருதைக் கண்ணதாசனுக்குத் தந்த 'குழந்தைக்காக' (1968) படத்துக்கும் இசை விஸ்வநாதன்தான்.

சொல் இப்படித் தெளிவாக ஒலிப்பதன் அருமையை உணர ஆரணி வட்டாரத்துப் பெரணமல்லூர் போன்ற நெசவூர்கள் நல்ல இடம். பட்டுத்தறியில் உட்கார்ந்தவருக்குக் கால் மிதியில், கை நாடாவில், கண் சரிகையில். காது ஒன்றுதான் சும்மா இருக்கிறது. இலங்கை வானொலியும் விவித் பாரதியும் அந்தக் காதுக்குத்தான் பாடின. திரையைப் பார்க்காமலே கதை புரிய வேண்டும். தறிச் சத்தத்தைத் தாண்டியும் சொல் கேட்க வேண்டும். பாடகர் வாய் திறந்ததும் வாத்தியங்களை அடக்கி, இடையிசையில் மட்டும் அவற்றை விரித்த விஸ்வநாதனின் முறை அதற்கு வழிவிட்டது.

கண்ணதாசன் 1981இல் மறைந்தார், விஸ்வநாதன் 2015இல். திரைப்பாட்டு ஆய்வில் பாடலாசிரியரைத் தமிழ்த்துறையும் இசையமைப்பாளரை இசைத்துறையும் தனித்தனியே எடுத்துக்கொண்டால் பாதிதான் கைக்கு வரும். மெட்டில்லாமல் வரியையும், வரியில்லாமல் மெட்டையும் எடைபோட முடியாது என்பதை இவர்களின் ஒவ்வொரு பாட்டும் காட்டுகிறது. ஜூன் 24ஐக் கொண்டாடுவோர் அந்தப் பாடல்களை வரியும் மெட்டும் சேர்த்தே படிக்கட்டும்.