உபரிக் கிரில்: ஒரு தவறான கழித்தல் கணக்கு

அண்டார்க்டிக் கடலைப் பற்றிய பொது அறிவு நூல்களிலும் கட்டுரைகளிலும் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். திமிங்கிலங்களை மனிதன் வேட்டையாடி அழித்துவிட்டான்; அவை தின்றிருக்கவேண்டிய கிரில் இன்று உண்பாரின்றி மிகுந்து கிடக்கிறது; எனவே அந்த உபரியை நாம் அறுவடை செய்துகொள்ளலாம் என்பதே அச்செய்தி. 'வற்றாத புரதக் களஞ்சியம்' என்ற அடைமொழியும் தவறாமல் உடன் வரும். இந்தக் கணக்கு எவ்வளவு சரியானது என்று சற்றுப் பார்ப்போம்.

முதலில் கிரில் என்பது என்ன? நாகை, காரைக்கால்மேடு போன்ற கரையோர ஊர்களில் சென்னாக்குன்னிக் கருவாடு வாங்கியவர்களுக்கு அதன் உருவத்தை விளக்கத் தேவையில்லை. இரண்டும் ஒரே இனமல்ல எனினும் சாயல் ஒன்றே. அண்டார்க்டிக் கிரில் 6 சென்டிமீட்டர் வரை வளரும். எடை சுமார் 2 கிராம். 5, 6 ஆண்டுகள் வாழும். நீலத்திமிங்கிலம், சீல், பெங்குவின் ஆகிய எல்லாவற்றுக்கும் இதுவே சோறு.

20ஆம் நூற்றாண்டில் தென் அரைக்கோளத்தில் மட்டும் சுமார் 20 லட்சம் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. பிரிட்டிஷ் விலங்கியலார் ரிச்சர்டு லாஸ் 1977இல் ஒரு கணக்குப் போட்டார். இவ்வளவு திமிங்கிலங்கள் மறைந்ததால் ஆண்டுக்கு ஏறத்தாழ 15 கோடி டன் கிரில் மிஞ்சவேண்டும் என்றார். அக்காலத்தில் உலகக் கடல்கள் அனைத்திலும் பிடிபட்ட மீன் இதில் பாதி அளவே. லாஸைக் குறை கூறுவதற்கில்லை. அந்த மிச்சத்தை எந்தச் சீலும் எந்தப் பெங்குவினும் தின்று பெருகின என்பதே அவருடைய ஆராய்ச்சி. அதை மனிதனுடைய பங்காக மாற்றி எழுதியவர்கள் வேறு பலர். சோவியத் கப்பல்களே பெரும்பங்கை வாரிய 1981-82 பருவத்தில் மொத்தப் பிடிப்பு 5 லட்சம் டன்னைத் தாண்டியது. நம் நாட்டின் 'சாகர் சம்பதா' ஆராய்ச்சிக் கப்பலும் 1995-96இல் கிரில் ஆய்வுக்காகத் தென்கடலுக்குச் சென்றது.

இனிக் கணக்கிலுள்ள பிழைக்கு வருவோம். தின்பவனை நீக்கினால் தின்பண்டம் மிஞ்சும் என்பது பானையிலுள்ள சோற்றுக்குப் பொருந்தும். கடல் பானையன்று. அதில் ஆற்றல் கதிரவனிடமிருந்து வந்து ஓடிக்கொண்டே இருக்கிறது. சத்துப் பொருள்களோ சுழன்றுகொண்டே இருக்கின்றன. கழித்தல் கணக்குப் போட்டவர்கள் ஓட்டத்தைப் பார்த்தார்கள், சுழற்சியைப் பார்க்கவில்லை.

தென்கடலில் நைட்ரேட்டுக்கும் பாஸ்பேட்டுக்கும் பஞ்சமில்லை. பஞ்சம் இரும்புக்குத்தான். ஒரு லிட்டர் மேற்பரப்பு நீரில் ஒரு கிராமின் கோடியில் ஒரு பங்கு இரும்பும் தேறாது. இரும்பு இல்லையேல் நுண்பாசி இல்லை. பாசி இல்லையேல் கிரில் இல்லை. திமிங்கிலம் கிரிலைத் தின்று அதிலுள்ள இரும்பின் பெரும்பகுதியைக் கழிவாக மேல்நீரிலேயே விடுகிறது. அக்கழிவில் இரும்பின் செறிவு கடல்நீரிலுள்ளதைப்போல் ஒரு கோடி மடங்கு என்று 2010இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அளந்து காட்டினர். அதாவது, உழவனை வெளியேற்றிவிட்டு விளைச்சல் மிஞ்சும் என்று காத்திருந்தோம்! வேட்டைக்கு முன் தென்கடல் திமிங்கிலங்கள் ஆண்டுக்குச் சுமார் 43 கோடி டன் கிரில் தின்றன என்பது 2021இல் வெளியான ஒரு மதிப்பீடு. இன்று அங்கே இருக்கும் கிரில் முழுவதையும் சேர்த்தாலும் அந்த அளவைத் தாண்டுவது ஐயம். மிச்சம் எங்கே போயிற்று?

இந்தப் புதிய விளக்கத்தையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கவேண்டியதில்லை. இதன் ஒரு பகுதியைச் சோதித்துப் பார்த்ததில் இந்தியாவுக்கும் பங்குண்டு. 2009ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கோவா தேசியக் கடலியல் நிறுவனமும் ஜெர்மனியின் ஆல்பிரட் வெகனர் நிறுவனமும் 'லோஹாஃபெக்ஸ்' என்ற சோதனையை நடத்தின. லோஹா என்றால் இந்தியில் இரும்பு. வாஜிஹ் நக்வியும், கொல்கத்தாவில் பிறந்த விக்டர் ஸ்மெடாசெக்கும் அதன் தலைவர்கள். 'போலார்ஸ்டெர்ன்' கப்பலிலிருந்து 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரும்பு உப்பைக் கரைத்து ஊற்றினர். பாசி முதல் இரு வாரங்களில் பெருகியது, பிறகு நின்றுவிட்டது. அந்நீரில் சிலிக்கா தீர்ந்திருந்ததால் டையாட்டம்கள் வளர இயலவில்லை. வளர்ந்த மெல்லிய பாசிகளைக் கோபிபாடு என்னும் சிறு ஓட்டுடலிகள் மேய்ந்துவிட்டன. அவற்றை உண்ணும் ஆம்பிபாடுகள் பெருகின. சுற்றுச்சூழல் அமைப்புகள் இச்சோதனையைக் கடுமையாக எதிர்த்தன; கரியமில வாயுவைப் புதைக்க எதிர்பார்த்தவர்களும் ஏமாந்தனர். என் கருத்தில் அண்மைக் காலத்தில் இந்திய அறிவியல் பங்குகொண்ட மிகப் பயனுள்ள 'தோல்வி'களுள் இஃது ஒன்று. ஒரு பொருளைக் கூட்டினாலும் கழித்தாலும் கடல் நாம் எழுதிய விடையைத் தருவதில்லை என்று அளந்தே காட்டிவிட்டது அல்லவா?

காரைக்கால்மேட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். பிடிக்காமல் விட்ட மீன் யாருக்கு மிச்சம் என்று கேட்பவர் உண்டு. வருவாயிழந்து அந்த 61 நாளைக் கழிப்பவர் கேட்கும்போது அக்கேள்வியைத் தள்ளிவிட முடியாது. நம் கரையில் காப்பு நாள் கணக்கில். தென்கடலில் டன் கணக்கில். அந்த டன் எப்படி வந்தது?

அண்டார்க்டிக் கடல்வாழ் உயிர்வளக் காப்பு உடன்படிக்கை 1982இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா 1986 முதல் அதன் ஆணையத்தில் உறுப்பு நாடு. கப்பல்கள் குவியும் அட்லாண்டிக் பகுதிக்கு ஆணையம் வைத்த வரம்பு 6,20,000 டன். இந்த எண் கிரிலின் பெருக்கத்தையோ பெங்குவின் குஞ்சுகளின் பசியையோ அளந்து பெறப்பட்டதன்று. உட்பகுதி ஒவ்வொன்றிலும் முன்பு பிடித்த உச்ச அளவுகளைக் கூட்டிய தொகை, அவ்வளவே. அங்குள்ள 6 கோடி டன் கிரிலில் இது நூற்றுக்கு ஒன்றுதானே என்பர். சராசரி ஆழத்தை நம்பி ஆற்றில் இறங்குவதற்கு ஒப்பான வாதம் இது. கப்பல்கள் 6 கோடி டன்னிலும் சீராக வலை வீசுவதில்லை. கிரில் திரளும் இடத்தில் வீசுகின்றன. பெங்குவின்களும் அங்கேதான் இரை தேடுகின்றன. பிடிப்பைப் பல இடங்களுக்குப் பிரித்து வைத்திருந்த விதி 2024இல் புதுப்பிக்கப்படாமல் காலாவதியாயிற்று. அடுத்த பருவத்திலேயே, 2025 ஆகஸ்டில், முதன்முறையாக 6,20,000 டன் எட்டப்பட்டுப் பருவம் முடியுமுன்பே மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது. வாரிய கிரில் எண்ணெய் மாத்திரைக்கும், பண்ணை மீன், இறால் தீவனத்துக்கும் போகிறது. பசித்த உலகுக்குப் புரதம் என்ற பழைய வாக்குறுதியை யாரும் இப்போது நினைவூட்டுவதில்லை.

கிழக்கு அண்டார்க்டிகாவிலும் வெடல் கடலிலும் காப்புப் பகுதிகள் அமைக்கும் முன்மொழிவை இந்தியா 2021இல் ஆதரித்தது. நம் பாரதி நிலையம் நிற்பதும் கிழக்கு அண்டார்க்டிகக் கரையில்தான். உறுப்பு நாடுகள் அனைத்தும் ஒத்துக்கொண்டால்தான் ஆணையத்தில் எதுவும் நிறைவேறும். சீனாவும் ரஷ்யாவும் இதுவரை இசையவில்லை.