பித்தும் பிணியும்

ஒரு சமுதாயத்தின் மனப்போக்கை அதன் வசைச்சொற்கள் காட்டிக்கொடுத்துவிடும். ஜொகூர்த் தமிழரிடையே 'தம்போய்' என்பது ஊர்ப்பெயர் மட்டுமன்று, ஏச்சுமாகும். 'அவனைத் தம்போய்க்கு அனுப்ப வேண்டும்' என்றால் அவன் அறிவு திரிந்தவன் என்பது பொருள். பேராக்கில் தஞ்சோங் ரம்புத்தானுக்கும், சென்னையில் கீழ்ப்பாக்கத்திற்கும், இலங்கையில் அங்கொடைக்கும் இதே கதி நேர்ந்தது. நான்கும் மனநோய் மருத்துவமனைகள் அமைந்த இடங்கள். நலம்பெறச் செல்லும் இடத்தின் பெயரே வசையாகிவிட்டால் அங்குச் செல்ல எவர் துணிவர்? இவ்வினாவை மருத்துவர்க்கு உரியதென ஒதுக்கிவிடுதல் தகாது. சொல்லை ஆள்வது எழுத்தாளன் தொழில். ஆதலின் விடை தேடுவதில் அவனுக்கும் பங்குண்டு.

தமிழ் இலக்கிய மரபு பித்தினைப் பெரிதும் இருவகையாகக் கண்டது. ஒன்று தெய்வப் பித்து. சுந்தரர் இறைவனையே பித்தன் என விளித்தார். அடியார் பலர் தம்மைப் பித்தர் என்று சொல்லிக்கொள்வதில் பெருமை கண்டனர். மற்றொன்று நகைப் பித்து. கலைந்த தலையும் கிழிந்த சட்டையுமாய் மேடையிலும் திரையிலும் தோன்றிச் சிரிப்பூட்டும் பாத்திரங்கள் இவ்வகையின. முன்னது மனிதனை வானளவு உயர்த்துகிறது. பின்னது மண்ணில் தள்ளுகிறது. இரவெல்லாம் உறக்கமின்றித் தவிப்பவனுக்கும், அவன் அருகே விழித்திருக்கும் மனைவிக்கும் இவ்விரண்டிலும் இடமில்லை. சித்த மருத்துவம் 'கிரிகை' எனப் பெயரிட்டு இதனை நோயாகவே கண்டிருந்தும், இலக்கியம் அப்பார்வையைப் போற்றி வளர்க்கவில்லை.

இக்குறையை அளக்க வள்ளுவரிடமே ஓர் அளவுகோல் உண்டு. 'மருந்து' அதிகாரத்தின் இறுதிக் குறளில் நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என நால்வகையாக மருத்துவத்தை அவர் பகுக்கிறார். பேணுபவரையும் மருத்துவத்தின் உறுப்பாகக் கொண்ட நுட்பம் எண்ணத்தக்கது. மனநோயைப் பேசும் புனைகதை ஒன்றில் இந்நால்வருள் எவர் உளர், எவர் இலர் எனக் காண்பது திறனாய்வுக்கு நல்ல வழியாகும்.

எம்.வி. வெங்கட்ராமின் 'காதுகள்' இவ்வகையில் முதலில் எண்ணத்தக்க நாவல். 1993ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி பரிசு இதற்குக் கிடைத்தது. எவரும் இல்லாதபோதும் செவிக்குள் ஓயாது ஒலிக்கும் குரல்களால் அலைக்கழிக்கப்படும் மகாலிங்கத்தின் கதை இது. ஆசிரியர் தாமே பட்டறிந்த துன்பம் நாவலுக்கு அடிப்படையாயிற்று. மகாலிங்கம் நகைப்புக்குரியவனாகவோ ஞானியாகவோ படைக்கப்படவில்லை. குடும்பச் சுமையும் தாங்கும் ஒரு மனிதனாகவே நிற்கிறான். நோயாளியின் உள்ளத்துக்குள் வாசகரை இத்துணை ஆழமாக அழைத்துச் சென்ற தமிழ் நாவல்கள் மிகச் சிலவே. எனினும் இது நோயா, அருளா, மருளா என்னும் வினாவை நாவல் முடித்துவைப்பதில்லை. கலைக்கு அது வலிமையாகலாம். ஆனால் இதனை வகுப்பில் வைக்கும் ஆசிரியர், இத்தகைய குரல்கள் கேட்பது மருத்துவம் அறிந்த ஓர் அறிகுறி என்பதையும், அதற்குச் சிகிச்சை உண்டு என்பதையும் சேர்த்துரைத்தல் கடமையாகும்.

கோபிகிருஷ்ணனின் 'உள்ளேயிருந்து சில குரல்கள்' வேறு வழியில் செல்கிறது. உளவியல் பயின்ற இவ்வாசிரியர், மனநலக் காப்பகத்துக்குள் இருப்போரைப் பேசவைக்கிறார். 'காதுகள்' ஒருவன் உள்ளத்தைத் திறந்தது எனின், இந்நூல் ஒரு மதிற்சுவரைத் திறந்தது எனலாம். வெளியே நிற்போர் சிரிக்கும் பெயருக்குப் பின்னால் இருப்போரும் தம்மைப் போன்றவரே என்பதை வாசகர் உணர்கின்றனர்.

இருப்பினும் நோய்க்குள் செல்லும் பாதையைத் தமிழ்ப் புனைகதை காட்டிய அளவுக்கு, அதிலிருந்து மீளும் பாதையைக் காட்டவில்லை. பாத்திரம் காப்பகத்தின் வாயிலை அடைந்ததும் கதை பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. வாழ்க்கையிலோ அவ்வாயில் முடிவாக இருப்பதில்லை. 1952இல் பாரிசில் குளோர்புரோமசின் என்னும் மருந்து மனநோய்க்குப் பயன்படத் தொடங்கிய பின், ஆயுள் முழுதும் அடைபட்டிருக்க வேண்டியவர் பலர் வீடு திரும்பும் நிலை உண்டாயிற்று. கீழ்ப்பாக்கம் மருத்துவமனையை 1961 முதல் 1978 வரை நடத்திய மருத்துவர் சாரதா மேனன், வந்து பார்த்துச் செல்லும் புறநோயாளர் சிகிச்சையை அங்கு வளர்த்தார். 1984இல் அவர் தோற்றுவித்த ஸ்கார்ஃப் நிறுவனம், மனச்சிதைவு நோயாளர்க்குத் தொழிற்பயிற்சியும் அவர்தம் குடும்பத்தார்க்கு வழிகாட்டலும் அளித்துவருகிறது. மருந்து குரலை அடக்கும். பேச்சுவழிச் சிகிச்சை அச்சத்தை ஆராயக் கற்பிக்கும். பேணுபவரின் பொறுமையே மனிதனை மீண்டும் ஊரோடு சேர்க்கும். சிகிச்சை மறுக்கப்படின் நேர்வது யாது என்பதற்கு, 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஏர்வாடியில் மூண்ட தீயே சான்று. தனியார் காப்பகமொன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்பியோட இயலாமல் 28 பேர் மாண்டனர்.

மலேசியாவிலும் மாற்றங்கள் நிகழ்ந்துள்ளன. தம்போயில் 1930களில் எழுந்த மருத்துவமனை இன்று 'பெர்மாய்' என வழங்குகிறது. இனியது, எழிலுடையது என்பது அம்மலாய்ச் சொல்லின் பொருள். தஞ்சோங் ரம்புத்தானில் 1911இல் தொடங்கியது 'பஹாகியா' ஆயிற்று. அதன் பொருள் மகிழ்ச்சி. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்கிய சட்டப்பிரிவை நாடாளுமன்றம் 2023இல் நீக்கிற்று. அரசும் சட்டமும் தம் சொற்களை மாற்றிக்கொண்டன. மக்கள் நாவில் மட்டும் பழைய ஏச்சு நிலைத்துள்ளது. அவ்வேச்சுக்கு அஞ்சியே குடும்பங்கள் பல கோயில், போமோ என அலைந்து, நோய் முற்றிய பின்னரே மருத்துவரை நாடுகின்றன. இழந்த அக்காலத்தைப் பின்னர் எவராலும் மீட்டுத்தர இயலாது.

இந்நிலையில் எழுத்தாளர் செய்யத்தக்கது அறிவுரைக் கதை எழுதுவதன்று. மாதந்தோறும் மருந்து வாங்கப் பேருந்தேறிச் செல்லும் ஒரு தாயையும், சிகிச்சைக்குப் பின் பட்டறை வேலைக்குத் திரும்பி முதற் சம்பளத்தை வீட்டில் கொடுக்கும் ஓர் இளைஞனையும் உள்ளபடி படைத்தாலே போதும். ஆசிரியர் செய்யத்தக்கது, வகுப்பில் ஒரு மாணவன் இன்னொருவனைத் 'தம்போய்' என்று ஏசும்போது கேளாதவர்போல் இராமல், அச்சொல்லின் வரலாற்றை அன்றே அமைதியாக எடுத்துரைப்பது. அவ்வகுப்பிலேயே தந்தையோ தமக்கையோ பெர்மாயில் சிகிச்சை பெறும் மாணவன் ஒருவன் வாய்பேசாது அமர்ந்திருக்கக் கூடும். வள்ளுவர் நான்காவதாக வைத்த பேணுபவரின் இடத்தில் அவனும் ஒருவன். அவன் தலைநிமிர்ந்து படிக்கத்தக்க ஒரு கதையைத் தமிழ் அவனுக்குத் தந்தாக வேண்டும்.