ஏழு கிலோ சமாசாரம்

பக்கத்து ஃப்ளாட் பையன் வேலைக்குப் போன இரண்டாவது வருடமே நல்ல கேமரா ஒன்று வாங்கிவிட்டான். செகண்ட் ஹேண்ட்தான், ஆனால் கேனான் 5டி மார்க் 4. மார்ச் மாதம் காண்டாமிருகம் பார்க்கக் காசிரங்கா போகிறானாம். விமானத்தில் கொல்கத்தா, அங்கிருந்து ஜோர்ஹாட். போன ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பும் கையுமாக வந்து, “அங்கிள், இந்தப் பை வாங்கலாமான்னு சொல்லுங்க” என்றான்.

திரையில் ஒரு முதுகுப் பை. பதினாலாயிரம் ரூபாய். பத்தொன்பது அறைகள். மழைக்கு உறை, இடுப்புக்குப் பட்டை, ட்ரைபாடுக்குக் கொக்கி, தண்ணீர் பாட்டிலுக்கு வலை. அதை மாட்டிக்கொண்டு ஒரு வெள்ளைக்காரர் பனிமலை உச்சியில் நின்று தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“காலிப் பை எத்தனை கிலோ?” என்று கேட்டேன்.

தேடினான். அறைகளின் எண்ணிக்கை கொட்டை எழுத்தில் மேலேயே இருந்தது. எடை, பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில். 2.6 கிலோ.

“வேணாம்ப்பா” என்றேன். அவன் முகம் சுருங்கிவிட்டது. அவனுக்குச் சொன்ன காரணங்களை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். நீங்களும் என்றைக்காவது கேமராவோடு விமானம் ஏறுவீர்கள்.

நம் ஊர் விமானங்களில் எகானமி வகுப்பில் கையில் எடுத்துப்போக அனுமதி பெரும்பாலும் 7 கிலோ. எமிரேட்ஸ், சிங்கப்பூர் ஏர்லைன்ஸிலும் அதே ஏழுதான். நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 115 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது இங்கே பொதுவான கணக்கு. லேடீஸ் ஹேண்ட்பேகோ சின்ன லேப்டாப் பையோ தனியாகக் கொண்டுபோகச் சில கம்பெனிகள் விடும். அதை நம்பிப் போகாதீர்கள். கவுன்டரில் இருப்பவரின் அன்றைய மனநிலையும் அந்த விதியில் அடக்கம்.

இப்போது பையனின் மூட்டையை எடை போடுவோம். பாட்டரி, கார்டு சேர்த்துக் கேமரா 890 கிராம். 70-200 லென்ஸ், அந்தக் கனமான 2.8 ரகம், 1,490 கிராம். 24-70 லென்ஸ் 805. இதற்கே மூன்று கிலோவைத் தாண்டியாயிற்று. லேப்டாப்பும் அதன் சார்ஜரும் ஒண்ணே முக்கால் கிலோ. உபரி பாட்டரி, கேமரா சார்ஜர், கார்டுகள், ஹார்ட் டிஸ்க், துடைக்கிற துணி எல்லாம் சேர்ந்து அரை கிலோ. மொத்தம் ஐந்தரை கிலோ. மிச்சம் ஒன்றரை கிலோவுக்குள் பை இருக்கவேண்டும். 2.6 கிலோ பை வாங்கினால், ஒரு லென்ஸை வீட்டில் விட்டுவிட்டு அறைகளைச் சுமந்துகொண்டு போகலாம்.

இதைக் கேமரா பை செய்கிறவர்கள் ஏன் யோசிப்பதில்லை? யோசிக்கிறார்கள். நமக்காக யோசிப்பதில்லை. ஒரு பையை எடைபோடச் சுலபமான வழி, அது முதலில் யாருக்காகப் பிறந்தது என்று கேட்பதுதான்.

பில்லிங்ஹாம் என்ற இங்கிலாந்துப் பை இருக்கிறதே, பித்தளைக் கொக்கியும் தோல் வாருமாக ஜமீன்தார் தோரணையில் இருக்கும். 1973-இல் அந்தக் கம்பெனி ஆரம்பித்தது மீன் பிடிக்கிறவர்களுக்குப் பை தைக்க. நியூயார்க்கில் போட்டோகிராஃபர்கள் மீன் பையை வாங்கி அதில் கேமராவைப் போடுகிறார்கள் என்பதை 1978-இல்தான் கண்டுபிடித்தார்கள். டோம்கே பையை உருவாக்கியவர் ஜிம் டோம்கே. எழுபதுகளில் ‘பிலடெல்ஃபியா இன்க்வைரர்’ தினசரியின் போட்டோகிராஃபர். தெருவில் ஓடி ஓடிப் படமெடுக்கிற ஆசாமிக்குத் தடித்த பஞ்சு மெத்தை தேவையில்லை, சட்டென்று கை போனால் போதும் என்று கான்வாஸில் தைத்தார். லோப்ரோவின் ஆதி, கிரெக் லோ என்கிற மலையேறி. 1967-இல் தொடங்கியது. இன்றைக்கும் முதுகுப் பைகளில் நாம் உபயோகிக்காத அத்தனை பட்டைகள் தொங்குவது அந்த மலையேற்றப் பரம்பரையின் மிச்சம். செக்யூரிட்டி கன்வேயரில் அவை உருளைக்குள் சிக்கும்போது உங்களுக்கும் மலை ஞாபகம் வரும்.

விமானப் பயணத்தை மனதில் வைத்தே பை செய்தவர்கள் திங்க் டாங்க் கம்பெனியார். 2005-இல் இரண்டு வடிவமைப்பாளர்களும் இரண்டு பத்திரிகை போட்டோகிராஃபர்களும் சேர்ந்து கலிஃபோர்னியாவில் ஆரம்பித்தது. அவர்களின் சக்கரப் பைகள் அருமையானவை. நல்ல ஜிப், நல்ல பூட்டு, உருட்டினால் சத்தமே வராது. ஆனால் இந்த மாதிரிப் பெரிய சக்கரப் பைகள் காலியாகவே நான்கு கிலோவைத் தொடும். அமெரிக்க உள்நாட்டு விமானங்களில் பெரிய கம்பெனிகள் கைப்பையின் அளவைத்தான் பார்க்கின்றன, எடையைப் பார்ப்பதில்லை. அங்கே அது சரியான பை. இங்கே பாதி அனுமதியைச் சக்கரமும் கைப்பிடியும் தின்றுவிடும்.

பெலிகன் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். கறுப்பாக, வெடிகுண்டு நிபுணர்கள் கொண்டுவருவது போல. தண்ணீரில் போட்டாலும் கேமரா நனையாது. அதில் கையோடு எடுத்துப்போகும் அளவில் 1510 என்றொரு மாடல். உள்ளே இருக்கும் நுரையோடு ஆறு கிலோவுக்கு மேல். ஏழில் ஆறைக் கழித்தால் வருகிற மிச்சத்தில் நம் பையனின் கேமரா பாட்டரியோடு உள்ளே போவதே சந்தேகம். லாரியிலோ ஜீப்பிலோ போகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

இதற்கு நேர் எதிர்கோடியில், கேமரா வாங்கும்போது கடைக்காரர் இலவசமாகத் தருகிற பை. லேசானது, அதில் குறையில்லை. ஆனால் கம்பெனியின் பெயர் ஒரு சாண் உயரத்துக்குப் பளிச்சென்று எழுதியிருக்கும். ‘உள்ளே லட்ச ரூபாய் இருக்கிறது’ என்று நீங்களே போர்டு எழுதி மாட்டிக்கொண்டு ரயில்வே ஸ்டேஷனில் தூங்குவீர்களா?

பையன் புத்திசாலி. “அங்கிள், ரொம்பக் கனமா இருந்தா செக்-இன்ல போட்டுட்டா என்ன?” என்றான்.

போடலாம். முதலில் உபரி லித்தியம் பாட்டரிகளை வெளியே எடுக்கவேண்டும். அவை சரக்கு அறையில் போகக் கூடாது என்பது உலகம் முழுக்க விதி. கீழே தீப்பிடித்தால் யாருக்கும் தெரியாது, மேலே பிடித்தால் தண்ணீர் ஊற்றவாவது ஆள் இருக்கிறது. அடுத்து, டிக்கெட்டோடு வரும் நிபந்தனைகளைப் படியுங்கள். கேமரா, நகை, பணம் இவற்றை செக்-இன்னில் வைத்துத் தொலைந்தால் பொறுப்பில்லை என்று பெரும்பாலான கம்பெனிகள் எழுதி வைத்திருக்கின்றன. சர்வதேசப் பயணத்தில் மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி பெட்டி தொலைந்தால் கிடைக்கக்கூடிய உச்சவரம்பு 1,519 எஸ்.டி.ஆர். சுமார் இரண்டாயிரம் டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது உச்சவரம்புதான். பில்லைக் காட்டி வாதாடி ஜெயிக்கவேண்டும்.

நீங்கள் விரும்பாவிட்டாலும் பை கீழே போகிற நாள் வரும். 2006 ஆகஸ்ட் 10-ஆம் தேதி லண்டனில் திரவ வெடிகுண்டுச் சதி அம்பலமானதும், பிரிட்டனிலிருந்து கிளம்பிய விமானங்களில் ஒரே ராத்திரியில் கைப்பையே கூடாது என்றார்கள். பாஸ்போர்ட்டும் பர்ஸும் பிளாஸ்டிக் கவரில். கேமராக்கள் கீழே. 2017 மார்ச்சில் துபாய், அபுதாபி, தோஹா உள்ளிட்ட பத்து விமான நிலையங்களிலிருந்து நேரே அமெரிக்கா போகிற விமானங்களில் செல்போனைவிடப் பெரிய மின்சாதனம் எதுவும் மேலே வரக் கூடாது என்றது அமெரிக்கா. சில மாதங்களில் தடை விலகியது. அதற்குள் எத்தனை லென்ஸ்கள் உருண்டனவோ.

இதெல்லாம் பெரிய சம்பவங்கள். சின்னச் சம்பவம் தினமும் நடக்கிறது. ஏ.டி.ஆர். 72 மாதிரிச் சின்ன விமானத்தில் தலைக்கு மேல் இருக்கும் இடம் குறைச்சல். படிக்கட்டில் கால் வைக்கும்போது ஊழியர் சிரித்துக்கொண்டே உங்கள் பையில் ஒரு சீட்டைக் கட்டிவிடுவார்.

எனக்கும் கட்டினார். 2018. திருக்கடையூரில் அப்பாவுக்குச் சதாபிஷேகம் முடித்துத் திருச்சியிலிருந்து சென்னை, அங்கே மாறி மும்பை. எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். நான் விவரமானவன் அல்லவா, கேமராவைக் கழுத்தில் மாட்டினேன், பாட்டரிகளைப் பாக்கெட்டில் போட்டேன், பையை ஒப்படைத்தேன். மும்பையில் பெல்ட் சுற்றிச் சுற்றி நின்றுபோனது. பை வரவில்லை. ஃபாரம் எழுதும்போதுதான் ஞாபகம் வந்தது. மெமரி கார்டுகள் பையின் பக்கவாட்டு அறையில்.

அன்று ராத்திரி அப்பா போன் செய்தார். “போட்டோல்லாம் நல்லா வந்திருக்காடா?”

“நல்லா வந்திருக்குப்பா.”

“கலசாபிஷேகம் பண்ணும்போது அம்மா சிரிச்சாளே, அது?”

“அதுவும் வந்திருக்குப்பா.”

பை மூன்றாம் நாள் காலை வந்தது. ஜிப்பைத் திறந்து முதலில் கை போனது பக்கவாட்டு அறைக்குத்தான். கார்டுகள் இருந்தன. உடனே லேப்டாப்பில் போட்டு அம்மா சிரிப்பதைப் பார்த்தேன். லென்ஸின் முன்னால் மாட்டியிருந்த ஃபில்டர் தூள்தூளாகிக் கிடந்ததைக் கவனிக்க அரை மணி நேரம் ஆயிற்று.

ஆகவே நான் பை பார்க்கும் விதம் மாறிவிட்டது. இப்போது கடைக்குப் போனால் ஐந்தே கேள்விகள். காலி எடை ஒன்றரை கிலோவுக்குள் இருக்கிறதா? சீட்டுக்கு அடியில் நுழையுமா? செக்யூரிட்டியில் கேமராவை வெளியே எடுத்து ட்ரேயில் வைக்கச் சொன்னால், பின்னால் நிற்பவர் உச்சுக்கொட்டுவதற்குள் திறந்து மூட முடியுமா? பார்த்தால் கேமரா பை என்று தெரியாமல் இருக்கிறதா?

ஐந்தாவதுதான் முக்கியம். மெத்தை வைத்த உள்பகுதி தனியாகக் கழன்று வருமா? வந்தால், படிக்கட்டில் சீட்டு கட்டுகிறவரிடம் வெளிப் பையைச் சார்ஜர், துணிமணியோடு கொடுத்துவிட்டு உள்பகுதியைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொள்ளலாம். இந்த உள்பகுதிகள் தனியாகவே கிடைக்கின்றன, பெரிய விலையில்லை. அதை ஒரு சாதாரண காலேஜ் முதுகுப் பைக்குள் இறக்கினால் வேலை முடிந்தது. ஜோல்னா பைக்குள்ளும் இறக்கலாம். ஜோல்னா பையை யாரும் திருடியதாகச் சரித்திரம் இல்லை, உள்ளே கவிதை இருக்கும் என்று பயம்.

பிலிம் உபயோகிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. புதிதாக வரும் சி.டி. ஸ்கேனர்கள் படம் கழுவாத பிலிமைக் கெடுத்துவிடும் என்று கோடாக்கே எச்சரிக்கிறது. கண்ணாடிக் கவரில் தனியாக வைத்து, கையால் சோதிக்கச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள்.

கார்டு எந்தப் பையிலும் வேண்டாம். சட்டைப் பையில். பொத்தான் போட்ட சட்டைப் பை. கேமராவில் இரண்டு கார்டு போட வழியிருந்தால் இரண்டிலும் ஒரே படத்தைப் பதிய வைத்து, ஒன்றைக் கேமராவிலும் ஒன்றை உடம்போடும் வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸுக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கலாம். அம்மா சிரித்ததற்கு எடுக்க முடியாது.

பையன் கேட்டுக்கொண்டான். பதினாலாயிரம் ரூபாய்ப் பையை விட்டுவிட்டு, காலேஜில் வைத்திருந்த பழைய பையைத் தோய்த்துக் காயப்போட்டு, உள்ளுக்கு மெத்தை வாங்கினான். நேற்று விடிகாலை விமான நிலையத்திலிருந்து போன்.

“அங்கிள், எடை போட்டாங்க. 6.8.”

“பேஷ். கார்டு எங்கே?”

“சட்டைப் பாக்கெட்ல.”

“லென்ஸ் ரெண்டும்?”

“சின்னது பையில இருக்கு அங்கிள். பெரிசு கொஞ்சம் இடிச்சுது, ஏழைத் தாண்டிடுச்சு. அதான் ஜாக்கெட் போட்டுக்கிட்டு அதுக்குள்ள வெச்சிருக்கேன்.”

மார்ச் மாதம். சென்னை. ஜாக்கெட்.

“வேர்க்குதா?” என்றேன்.

“ரொம்ப” என்றான்.