போவதா, இருப்பதா? – பிரிவிலக்கியம் பற்றி ஒரு திறனாய்வு

கொன்றைவேந்தன் தாய் தந்தையரின் ஏற்றத்தைச் சொல்லித் தொடங்குகிறது. போகப் போக, கடல் கடந்தேனும் பொருள் தேடுமாறும் கட்டளையிடுகிறது. இவ்விரண்டு கட்டளைகளும் ஒரே நாளில் ஒருவன் வாசலில் வந்து நின்றால் எதற்கு முதலிடம் என்பதை அச்சிறு நூல் கூறவில்லை. அது நூலின் குறையன்று. ஒரு வரியில் அடங்கும் விடை அதற்கு இல்லை. ஆயின், விரித்துரைக்க இடம் பெற்ற காப்பியமும் கதையும் அவ்விடத்தில் என்ன செய்தன என்று கேட்க நமக்கு உரிமையுண்டு. அக்கேள்வியையே இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

பிரிவைப் பாடுவதில் தமிழுக்கு நிகரான மொழிகள் மிகச் சில. பாலை என ஒரு திணையையே அதற்கு ஒதுக்கி வைத்தது தமிழ். ஓதல், பகை, தூது, பொருள் எனப் பிரிவின் காரணங்களைத் தொல்காப்பியர் வகுத்தார். புறப்பட எண்ணியவன் தயங்கி நிற்பதற்குச் ‘செலவழுங்கல்’ என்று பெயருமிட்டனர். அத்தயக்கம் பயணத்தைக் கைவிடுவதாகாது, பிரியப்படுபவளைத் தேற்றுதற்பொருட்டுச் சிறிது தாழ்ப்பதே என்று இலக்கணமும் வகுத்துவிட்டார் தொல்காப்பியர். போகும் காலொன்றும் நிற்கும் காலொன்றுமாக இருப்பவனின் நெஞ்சை இவ்வளவு நுட்பமாக நோக்கிய இலக்கணம் வேறெங்கும் உண்டோ என வியக்கிறோம்.

எனினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பாலைக்கலியின் முப்பத்தைந்து பாடல்களையும் படித்து வருக. தராசின் ஒரு தட்டில் பொருள். மறு தட்டில் தலைவி. தலைவனின் தாய் அத்தட்டில் ஏறுவதில்லை. அகத்திணையில் தாய் அழுவது உடன்போக்கில் சென்ற மகளுக்காக. புறத்திணையில் தாய் மகனைப் போர்க்களத்துக்கு அனுப்பிப் பெருமிதம் கொள்கிறாள். பிழைப்பைத் தேடிப் புறப்படும் மகனை வாசற்படியில் நின்று பார்க்கும் முதிய தாய்க்குச் சங்கச் சான்றோர் ஒரு துறை வகுத்துத் தரவில்லை. இன்று நம் குடும்பங்களில் மிகுதியும் நிகழ்வதோ அப்பிரிவே.

இக்குறையை உணர்ந்தவர் இளங்கோவடிகள். பொருளிழந்த கோவலன் இரவோடிரவாகப் புகாரை விட்டு மதுரைக்கு நடக்கிறான், பெற்றோரிடம் சொல்லவில்லை. வழியில் மாதவியின் ஓலை வருகிறது. பெற்றோருக்குச் செய்யும் பணியையும் மறந்து இரவில் ஏகியதற்குத் தன் பிழை யாதோ என்று அவள் அதில் வினவுகிறாள். கோவலனுக்கு அப்போதுதான் நெஞ்சு சுடுகிறது. அவ்வோலையையே தன் பெற்றோரிடம் காட்டுமாறு கோசிகனிடம் திருப்பிக் கொடுக்கிறான். தன் பிழையைச் சொல்லத் தனக்கென ஒரு சொல்லும் கிட்டாதவன், பிறர் எழுதிய கடிதத்தைத் தாய் தந்தையருக்கு அனுப்புகிறான்! அடிகள் அதனோடும் நிற்கவில்லை. பின்னர் நீர்ப்படைக் காதையில், மகன் கொலையுண்டது கேட்ட தந்தை செல்வத்தைத் துறந்து துறவு பூண்டதையும், தாய் உயிர் நீத்ததையும் சொல்லி, அப்பிரிவின் விலையை வீடு வரைக்கும் சென்று கணக்கிடுகிறார். போனவனோடு மட்டும் போகாமல், விடுபட்ட வீட்டுக்கும் திரும்பி வரும் இந்நேர்மையே பிரிவிலக்கியத்தின் உரைகல் என்பது நம் கருத்து.

அவ்வுரைகல்லில் நம்முடைய நூல்களை உரைத்துப் பார்ப்போம். கோவலன் சென்ற மதுரை, நாம் வாழும் காரியாபட்டிக்கு வடக்கே முப்பது கிலோமீட்டர் அளவில் உள்ளது. அதே சாலையில் தெற்கே அருப்புக்கோட்டையைக் கடந்தால், உமறுப்புலவர் அடங்கியுள்ள எட்டயபுரம் வந்துவிடும். அவருடைய சீறாப்புராணம் 5027 விருத்தங்களால் ஆனது. அதன் மூன்று காண்டங்களுள் 47 படலங்களைக் கொண்ட பெரிய காண்டத்துக்கு ஹிஜ்ரத்துக் காண்டம் என்றே பெயர். ஊரைப் பிரிதல் ஒரு பெருங்காப்பியத்தின் பெரும்பகுதிக்குப் பெயராகி நிற்பதை நோக்குக. பொருளுக்காகப் பிரிந்த பிரிவன்று அது. கி.பி. 622இல் நபிகள் நாயகம் (ஸல்) மக்காவை நீத்தது, இருக்கவொட்டாமல் செய்யப்பட்டதால். அம்மண்ணே தமக்கு மிக உவப்பானது என்றும், தம் கூட்டத்தார் வெளியேற்றியிராவிடின் தாம் அகன்றிருக்கப்போவதில்லை என்றும் அவர்கள் கூறியதாக ஹதீஸ் நூல்கள் அறிவிக்கின்றன. ஆகவே, கூடுதல் ஊதியத்துக்காகப் புறப்படும் ஒவ்வொரு பயணத்தையும் ஹிஜ்ரத் என்று மேடைகளில் புகழ்வது பொருந்தாது. உவமை அழகாயிருப்பதாலேயே உண்மையாகிவிடாது.

இனி உரைநடைக்கு வருவோம். கடற்கரை ஊர்களில் ‘சபுராளி’ என்னும் சொல் வழங்குகிறது. அச்சொல்லைச் சுற்றி நம்மவர் எழுதிய சிறுகதைகள் பல. அவற்றுட் பலவற்றின் அமைப்பு ஒன்றே: மகன் அரபு நாட்டில், தாய் ஊரில், தந்தியோ தொலைபேசியோ வருகிறது, மையத்து எடுத்த பின்னர் மகன் வந்து சேர்கிறான், அழுகிறான். படிப்பவர் கண்ணும் கலங்குகிறது. ஆனால், அத்தாய் உயிரோடிருந்தபோது என்ன விரும்பினாள் என்பதைக் கதை சொல்வதில்லை. மகன் எந்த இரவில், எந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து முடிவெடுத்தான் என்பதும் இல்லை. மகனை அழவைப்பதற்காகவே தாய் சாகடிக்கப்படுகிறாள். இதனைக் கலைக் குறை என்பதோடு அறக் குறை என்றும் சொல்லத் துணிகிறோம்.

விலக்குகளும் உண்டு. சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ 2004இல் வெளிவந்தது. கடல் கடந்து பிழைக்கும் ஆண்களைப் பின்தொடராமல், அவர்கள் விட்டுச் சென்ற வீடுகளின் அறைகளுக்குள்ளேயே அந்நாவல் தங்கிவிடுகிறது. அதன் வெளிப்படையான சித்திரிப்புகள் சிலவற்றில் நம் போன்றோருக்கு உடன்பாடில்லை. எனினும், இருப்பவர் பக்கத்துக் கணக்கை எழுதியமைக்காக அதற்குரிய மதிப்பை மறுப்பது நீதியன்று.

அதற்கு முன்பே, 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற தோப்பில் முஹம்மது மீரானின் ‘சாய்வு நாற்காலி’ மற்றொரு பக்கத்தைக் காட்டியது. முஸ்தபாக்கண்ணு எங்கும் போகவில்லை. முன்னோர் வீட்டிலேயே, நாற்காலியில் சாய்ந்தபடியே இருக்கிறார். இருந்துகொண்டே வீட்டுப் பொருள்களை ஒவ்வொன்றாய் விற்றுத் தின்கிறார். உடனிருக்கும் பெண்களை வதைக்கிறார். ஊரை விட்டு அகலாமை ஒன்றே உறவைப் பேணுதல் ஆகிவிடும் என்று நம்புவோர் இந்நாவலை இருமுறை படிக்கவேண்டும்.

நமது மாவட்டத்து வரலாறே இரு எடுத்துக்காட்டுகளைத் தருகிறது. சிவகாசியின் ஐய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று, 1923இல் திரும்பினர். வானம் பார்த்த பூமியில் அவர்கள் கொண்டுவந்த தொழில், பின்னர் பல்லாயிரம் குடும்பங்கள் ஊர் பெயராமல் பிழைக்க வழியாயிற்று. பட்டாசுத் தொழிலின் வெடி விபத்துகள் அவ்வழியின் கொடிய விலையாகவும் ஆயின. மற்றொன்று, விருதுநகர் தந்த காமராசர். 1954 முதல் 1963 வரை முதலமைச்சராயிருந்தும், அன்னை சிவகாமி அம்மையாரைச் சென்னைக்கு அழைத்து உடன் வைத்துக்கொள்ளவில்லை. அதனை அவரது தூய்மைக்குச் சான்றாக எல்லோரும் எழுதினர்; அது உண்மையே. ஆயினும், அவ்வீட்டில் மகனை எதிர்பார்த்திருந்த தாயின் மாலைப் பொழுதுகளை எழுதியவர் எத்தனை பேர்? மகனின் பெருமைக்கு அன்னை அடிக்குறிப்பாகிவிட்டார்.

பிறரைக் குறை கூறும் நாம் நமது வாசிப்பையும் நிறுத்துப் பார்த்தல் கடமை. பல ஆண்டுகளுக்கு முன், நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் மஃரிபுக்குப் பின் வந்து அமர்ந்தார். அத்தா இல்லை; அம்மாவுக்குக் கண் பார்வை மங்கி வந்தது. ரியாதில் வேலை; ஊரில் ஒரு சிறு கடை. “ஹஜ்ரத், நான் என்ன செய்யட்டும்?” என்றார். நாம் தயங்கவில்லை. அறப்போருக்கு அனுமதி கேட்டு வந்தவரை, பெற்றோர் உயிரோடிருப்பதை அறிந்து, அவர்களுக்குப் பணிசெய்யத் திருப்பியனுப்பிய நபிமொழியை எடுத்துரைத்தோம். தாயின் பணிக்காக யமனிலேயே தங்கி, நபிகளாரைக் காணும் பேற்றையும் இழந்த உவைஸுல் கர்னீ (ரஹ்) அவர்களின் சரிதையையும் சொன்னோம். மாணவர் ஊரிலேயே இருந்துவிட்டார்.

சில ஆண்டுகள் சென்று அவருடைய தாயார் நம்மிடம் சொன்னது இது: “ஹஜ்ரத், அவன் போயிருந்தா வாரத்துக்கு ஒரு தடவையாவது போன்ல பேசியிருப்பான். எனக்காக இருந்தான், ஆனா எங்கூடப் பேசுறதேயில்ல. போகட்டுமான்னு என்னைய யாருமே கேக்கலையே!”

அச்சொல் நம்மைத் தூங்கவிடவில்லை. கிதாபுகளை மறுபடி புரட்டினோம். நாம் பாதியை மட்டுமே படித்திருந்தது தெரிந்தது. அந்நபிமொழியில் தீர்ப்புக்கு முன் ஒரு வினா இருக்கிறது: பெற்றோர் இருக்கின்றனரா என்பது. அபூதாவூதில் வரும் மற்றோர் அறிவிப்பில், யமனிலிருந்து வந்தவரிடம், பெற்றோர் உனக்கு அனுமதி தந்தனரா என்றே வினவப்படுகிறது. இல்லை என்றவர், திரும்பிச் சென்று அனுமதி கேட்குமாறு பணிக்கப்படுகிறார். உவைஸின் சரிதையிலும் நாம் விட்டுவிட்ட முடிவு உண்டு. அவரைச் சந்தித்த உமர் (ரலி) எங்கே செல்லப் போகிறீர் என்று கேட்க, கூஃபாவுக்கு என்கிறார். ஆளுநருக்கு மடல் தருவதாகச் சொல்லியும், எளியோருள் ஒருவராக இருப்பதே விருப்பம் என்கிறார். இருக்கவேண்டிய காலத்தில் இருந்தவர், போகவேண்டிய காலத்தில் போகவும் செய்தார். யூசுப் (அலை) சரிதை மட்டும் வேறென்ன? பிரிவில் தொடங்கிய அது, பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் மிஸ்ருக்கு அழைத்துக்கொள்வதில் நிறைவெய்துகிறது.

எனவே, போ என்றோ இரு என்றோ விதிப்பது இலக்கியத்தின் வேலையன்று. நம் போன்ற ஆசிரியர்களுக்கும் அதில் அவசரம் ஆகாது. மருந்து வாங்கித்தர வேறு ஆள் உண்டா, கடன் எவ்வளவு, எத்தனை ஆண்டுக்கு, யார் மனம் யாருக்காக அடங்குகிறது என்பவற்றைக் கேட்டறிந்த பின்னரே எந்தச் சொல்லுக்கும் எடை உண்டாகும். மதுரைக்குக் குடிபோன மகன் மாதக்கணக்கில் வராதிருப்பதும், கடல் கடந்தவன் அன்றாடம் தாயின் குரல் கேட்பதும் நம் ஊரில் நாம் கண்டவை. தொலைவை மைலால் மட்டும் அளப்பது இனிப் பயன்படாது.

எழுதும் இளைஞர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே. அடுத்த முறை ஒரு சபுராளியின் கதையை எழுதும்போது, தந்தி வருவதற்கு முன்னுள்ள அந்த இரவை எழுதுங்கள். பாயை விரித்து மகனும் தாயும் அமரட்டும். மகன் கேட்கட்டும், தாய் விடை சொல்லட்டும். அவ்விடை நாம் எதிர்பார்த்ததாக இல்லாமலும் போகலாம். நாம் அன்று கேட்கத் தவறிய அந்த விடையை ஒரு கதையிலாவது கேட்க விரும்புகிறோம்.