0.3 மில்லிவோல்ட்டின் நயம்

இசைத்தட்டைப் படிக்கும் டெனான் டிஎல்-103 கார்ட்ரிட்ஜைப் பார்த்தால் அதில் ஆடம்பரம் எதுவும் தெரியாது. எட்டரை கிராம் எடை, கறுப்பு உடல், நுனியில் ஒரு வைர ஊசி, அவ்வளவுதான். ஜப்பானின் என்எச்கே ஒலிபரப்புக் கூடங்களில் நாள் முழுக்க உழைப்பதற்காக 1960-களின் தொடக்கத்தில் பிறந்தது, இன்றும் தயாராகிறது. அது தரும் மின்னழுத்தம் வெறும் 0.3 மில்லிவோல்ட். அந்தத் துளியைச் சிந்தாமல் ஸ்பீக்கர் வரை கொண்டுசேர்க்கும் நுட்பத்தில்தான் எனக்குக் கொள்ளை ஆசை.

மூவிங் மேக்னெட் கார்ட்ரிட்ஜ்கள் பொதுவாக 3 முதல் 5 மில்லிவோல்ட் தரும். நூறு மடங்கு பெருக்கினால் போதும். டிஎல்-103 மூவிங் காயில் வகை. இதில் காந்தம் அசையாது, ஊசியோடு சேர்ந்து கம்பிச்சுருள் அசையும். அசைகிற சுருள் இலேசாக இருக்க வேண்டும். ஆகவே சுற்றுகள் குறைவு, மின்னழுத்தமும் குறைவு. இதை ப்ரீஆம்பின் மூவிங் மேக்னெட் உள்ளீட்டில் நேராகச் செருகினால் பாட்டு மெலிந்து கேட்கும். வால்யூமைத் திருகினால் பாட்டுக்கு முன்னே இரைச்சல் வந்து நிற்கும்.

இங்கேதான் ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மரின் அழகு. 1:10 விகிதம் உள்ள ஒன்றை இடையில் வைத்தால் 0.3 மில்லிவோல்ட் 3 ஆகிவிடும். அதில் டிரான்சிஸ்டர் இல்லை, வால்வு இல்லை, தனி மின்சாரம் இல்லை; ஆகவே அது சேர்க்கும் இரைச்சலும் மிகச் சொற்பம். மின்னழுத்தம் பத்து மடங்கு ஏறும்போது மின்தடை நூறில் ஒன்றாக இறங்குகிறது. ப்ரீஆம்ப் உள்ளீட்டின் 47,000 ஓம், கார்ட்ரிட்ஜின் கண்ணுக்கு 470 ஓம் சுமையாகத் தெரிகிறது. டிஎல்-103-இன் சொந்தத் தடை 40 ஓம். டெனான் கேட்பது குறைந்தது 100 ஓம் சுமை. 470 தாராளம்.

சரி, 1:30 போட்டால் இன்னும் அதிகம் கிடைக்குமே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். சுமை 52 ஓமுக்குச் சரிந்துவிடும். சமிக்ஞையில் நாற்பது சதவீதத்துக்கு மேல் கார்ட்ரிட்ஜின் சுருளிலேயே கரைந்துபோகும். விகிதத்தை மூன்று மடங்காக்கியும் கையில் வருவது இரண்டு மடங்குகூட இல்லை. தம்புராவில் தந்திக்கு அடியில் செருகும் ஜீவா நூலுக்கென்று ஓர் இடம் இருப்பதுபோல, சுமைக்கும் ஓர் இடம் இருக்கிறது. அதைத் தாண்டினால் நாதம் அடங்கிவிடும்.

இரைச்சலின் கதையில் இன்னொரு நயம் உண்டு. இசைத்தட்டை வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உச்ச ஒலிகளைக் கூட்டியும் பதிகிறார்கள். 1954-இல் அமெரிக்காவில் வகுத்த ஆர்ஐஏஏ வளைவு அது. ப்ரீஆம்ப் அதைத் தலைகீழாகத் திருப்புகிறது. 10,000 ஹெர்ட்ஸில் ஐந்தில் ஒன்றாகக் குறைக்கும்போது தட்டின் உராய்வுச் சத்தமும் சேர்ந்து அடங்குகிறது. அதே வளைவு 50 ஹெர்ட்ஸில் ஏழு மடங்கு தூக்குகிறது. நம் வீட்டு மின்சாரமும் டோக்கியோ மின்சாரமும் துடிப்பது சரியாக அந்த 50 ஹெர்ட்ஸில். இசைத்தட்டுக் கருவிகளில் ஹம் என்னும் ரீங்காரம் இவ்வளவு எளிதாகத் தலைகாட்டுவது இதனால்தான்.

அதை அடக்கும் வழிகளோ எளியவை. கார்ட்ரிட்ஜின் நான்கு கம்பிகள் சிவப்பு, பச்சை, வெள்ளை, நீலம். டோன்ஆர்மிலிருந்து தனியாக வரும் எர்த் வயர் ஐந்தாவது. சமிக்ஞைக்கு அதில் வேலையே இல்லை, ஆனால் அதன் திருகு தளர்ந்தால் அறை முழுக்க ரீங்காரம். ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மரை வைக்கும் திசையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஊசியைத் தட்டில் வைக்காமல் வால்யூமை மெல்லக் கூட்டி, அந்தச் சின்னப் பெட்டியைக் கையால் திருப்பிக்கொண்டே போங்கள். ஆம்ப்ளிஃபயரின் மின்டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் காந்தப்புலத்துக்கு நேராக நின்றால் ஹம் பெருகும். குறுக்காகத் திரும்பினால் தேயும். ஒரு கோணத்தில் அநேகமாகக் காணாமலே போகும். அந்தக் கோணத்தைக் காது கண்டுபிடிக்கும்போது வரும் மகிழ்ச்சியைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

விலை உயர்ந்த கார்ட்ரிட்ஜுக்கு ஆசைப்படுவதற்கு முன், இருக்கிற கார்ட்ரிட்ஜின் ஓம் எவ்வளவு, மில்லிவோல்ட் எவ்வளவு என்று பெட்டிக்குள் இருக்கும் தாளில் பாருங்கள். அதற்கேற்ற சுமையைக் கொடுங்கள், எர்த் திருகை இறுக்குங்கள், டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியைத் திருப்பி வையுங்கள். பொருத்தம் அமைந்த சாதாரணக் கருவி, பொருத்தமில்லாத உயர்ந்த கருவியைவிட நன்றாகவே பாடும்.