கட்டுபடியாகும் கணக்கு: எங்கே உதவும், எங்கே கெடுக்கும்

வங்கிக் கடனுக்குத் திட்ட அறிக்கை தயாரிக்கும் எவரும் ஒரு கேள்விக்குப் பதில் எழுதியாக வேண்டும்: "பிரேக் ஈவன் எத்தனை?" மாதம் இத்தனை விற்றால் வரவும் செலவும் சரிக்குச் சரி, அதற்கு மேல் விற்பதெல்லாம் லாபம் என்று ஒரே எண்ணில் பதில் வந்துவிடும். சுலபமாகக் கிடைப்பதாலேயே அந்த எண்ணைத் தாங்கக்கூடியதைவிட அதிகமாக நம்பிவிடுகிறோம். கட்டுபடியாகாத தொழிலை அடையாளம் காட்ட இந்தக் கணக்கைப் போல எளிய கருவி வேறில்லை. ஆனால் ஒரு தொழிலில் பணத்தைப் போடலாம் என்று சொல்ல இது மட்டும் போதாது.

கணக்கின் அடிப்படை பழையது. 1903இல் ஹென்றி ஹெஸ் என்ற பொறியாளர் செலவுக் கோடும் விற்பனைக் கோடும் வெட்டிக்கொள்ளும் வரைபடத்தை வெளியிட்டார். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் வால்டர் ராட்டன்ஸ்ட்ராக் 1930களில் அதை நிர்வாகிகளிடையே பரப்பினார். விற்றாலும் விற்காவிட்டாலும் ஆகும் நிலைச் செலவு ஒரு பக்கம், விற்கும் அளவோடு ஏறி இறங்கும் மாறும் செலவு மறுபக்கம் என்று பிரிப்பதே இதன் உயிர்நாடி.

இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடும் ஒரு சிறு தொழிலை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. ஒரு கிலோ பாக்கெட் கடைக்காரருக்கு 40 ரூபாய். அரிசி, உளுந்து, வெந்தயம், கவர், அரைக்கும் கரண்ட் எல்லாம் சேர்த்து 28 ரூபாய். ஆகப் பாக்கெட்டுக்கு 12 ரூபாய் கையில் நிற்கிறது; பாடப் புத்தகம் இதைப் பங்களிப்பு என்கிறது. மாத வாடகை 12,000, இரண்டு ஆட்களின் சம்பளம் 32,000, ஃப்ரீசருக்கும் டெலிவரி வண்டிக்கும் தேய்மானமும் வட்டியுமாக 16,000. நிலைச் செலவு மொத்தம் 60,000. அதை 12ஆல் வகுத்தால் 5,000 பாக்கெட்.

இந்தச் சின்ன வகுத்தல் தரும் தெளிவு பெரிது. எதிர்க்கடையில் வேறொரு மாவு வந்துவிட்டது, விலையை 2 ரூபாய் குறைப்போம் என்று முடிவெடுக்கும் முன் பாருங்கள். விலை குறைவது 5 சதவீதம்தான். ஆனால் பங்களிப்பு 10 ஆகிவிடுவதால் முதலுக்கு மோசமில்லாமல் இருக்கவே 6,000 பாக்கெட் விற்க வேண்டும். அதாவது 20 சதவீதம் கூடுதல். உளுந்து விலை ஏறிப் பாக்கெட்டுக்கு 2 ரூபாய் கூடினாலும் இதே விளைவுதான். தள்ளுபடி கொடுத்தால் விற்பனை கூடும், கூடினால் லாபம் தானாக வரும் என்ற நம்பிக்கையைக் கேள்வி கேட்க இதைவிட நேரான வழி இல்லை.

இன்னொரு பலம் உண்டு. இந்தத் தொழிலில் மாதம் 6,000 பாக்கெட் போகிறது என்றால், நிலைச் செலவைப் பங்கிட்டுச் சேர்த்து ஒரு பாக்கெட்டின் அடக்கம் 38 ரூபாய். ஒரு ஹாஸ்டல் மாதம் 1,500 பாக்கெட்டை 33 ரூபாய்க்குக் கேட்கிறது. அடக்க விலையை மட்டும் பார்ப்பவர் நட்டம் என்று திருப்பி அனுப்புவார். கிரைண்டர் சும்மா நிற்கும் நேரமும் இருக்கிற ஆட்களும் போதும் என்றால், பாக்கெட்டுக்கு 5 ரூபாய் வீதம் 7,500 ரூபாய் கூடுதலாக வரும் என்று பங்களிப்புக் கணக்கு காட்டும்.

சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. ஓரத்து ஆர்டருக்குச் சரியான விலை, தொழில் முழுவதற்கும் சரியான விலை ஆகாது. ஹாஸ்டலுக்கு 33 என்ற செய்தி மற்ற கடைகளுக்குப் போய், எல்லாரும் அதே விலை கேட்டால், 6,000 பாக்கெட்டிலும் சேர்த்து 30,000 ரூபாய்தான் மிஞ்சும். வாடகையும் சம்பளமும் கொடுக்கவே அது போதாது. "ஏதோ கொஞ்சம் வருகிறதே" என்று ஒவ்வொரு ஆர்டராக ஒப்புக்கொண்டு, எல்லா ஆர்டரும் அந்த விலைக்கே வந்து நிற்கும் நிலையை ஜாப் ஒர்க் செய்யும் சிறு பட்டறைகள் நன்றாக அறியும்.

அடுத்த குறை, கணக்கில் எதைச் சேர்க்கிறோம் என்பது. கணவனும் மனைவியும் விடியற்காலை முதல் உழைக்கிறார்கள். அந்த உழைப்புக்கு மாதம் 30,000 போட்டால் நிலைச் செலவு 90,000 ஆகிறது, தேவை 7,500 பாக்கெட். புளித்துப்போய் நூற்றுக்குப் பத்து பாக்கெட் திரும்பி வருகிறது என்று வைத்தால், அரைத்த பாக்கெட் ஒன்றுக்கு வரவு 36 ரூபாயாகவும் பங்களிப்பு 8 ரூபாயாகவும் இறங்கி, 11,250 பாக்கெட் அரைக்க வேண்டிவரும். அவ்வளவு அரைக்க இருக்கிற கிரைண்டர் போதாது என்றால் புது இயந்திரம், இன்னொரு ஆள் என்று நிலைச் செலவே ஒரு படி ஏறிவிடும். வகுத்தலில் பிழையே இல்லை. ஆனாலும் 5,000 என்ற விடை இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. குடும்ப உழைப்பையும் சொந்த இடத்தின் வாடகையையும் செலவாக எழுதாத பழக்கம் நம்மிடம் பரவலாக இருப்பதால், இந்தப் பிழை நம் சிறு தொழில்களை அதிகம் தாக்குகிறது.

மூன்றாவது குறை காலம். இந்தக் கணக்குக்கு நாள்காட்டி கிடையாது. குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை 45 நாளுக்குள் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் சட்டம் சொல்லியும், பில் பணம் மாதக்கணக்கில் இழுப்பது சகஜம். கணக்கில் லாபம் காட்டும் மாதத்திலேயே சம்பளம் கொடுக்கக் கையில் காசில்லாமல் போகலாம்.

பெரிய நிறுவனங்களும் இதில் தப்பவில்லை. 1971இல் அமெரிக்காவின் லாக்ஹீட் நிறுவனம், டிரைஸ்டார் விமானத் திட்டத்தால் நெருக்கடியில் சிக்கி, 25 கோடி டாலர் வங்கிக் கடனுக்கு அரசின் உத்தரவாதம் கேட்டது. ஏறக்குறைய 200 விமானம் விற்றால் போட்ட பணம் தேறும் என்பது அதன் வாதம். செனட்டில் 49க்கு 48 என்று ஒரே வாக்கு வித்தியாசத்தில் உத்தரவாதம் நிறைவேறியது. இரண்டு ஆண்டு கழித்துப் பொருளாதார அறிஞர் ஊவே ரெயின்ஹார்ட் அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்தார். விமானத்தை வடிவமைக்கும் ஆண்டுகளிலேயே கொட்டிய பணத்துக்கு, அது முடங்கிக் கிடந்த காலத்தின் விலை சேர்க்கப்படவில்லை. ஆண்டுக்குப் பத்து சதவீதம் என்று அதைச் சேர்த்தால் தேவை 500 விமானத்தை நெருங்கியது. கடைசியில் கட்டப்பட்டவை 250. நிறுவனம் சொன்ன எண்ணைத் தாண்டியும் திட்டம் பெருநட்டத்தில் முடிந்தது. ரோல்ஸ்ராய்ஸ் என்ஜின் தாமதம், டிசி-10 விமானத்தின் போட்டி, எண்ணெய் நெருக்கடி எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு. ஆனால் முதலீட்டின் காலச் செலவை விட்ட கணக்கு, தொடக்கத்திலேயே திட்டத்தை உள்ளதைவிடப் பத்திரமானதாகக் காட்டிவிட்டது.

ஆகவே இந்தக் கணக்கைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதன் எல்லைக்குள் வைத்துப் பயன்படுத்த வேண்டும். விலைக் குறைப்பு, ஓர் ஆர்டர், இந்த மாத இலக்கு போன்ற குறுகிய கால முடிவுகளுக்கு இது நல்ல துணை. இயந்திரம், கட்டடம், புதுத் தொழில் என்று ஆண்டுக்கணக்கில் பணம் முடங்கும் இடத்தில் இது முதல் சல்லடை மட்டுமே. இதில் தேறாததை விட்டுவிடலாம். தேறியதை முதலீட்டின் காலச் செலவோடும் பணம் கைக்கு வரும் தேதிகளோடும் மறுபடி சோதிக்க வேண்டும்.

அதோடு, ஓர் எண்ணுக்குப் பதில் மூன்று எண் எழுதும் பழக்கம் வர வேண்டும்: கையைவிட்டுப் போகும் செலவுக்கு எத்தனை, சொந்த உழைப்பும் முதலும் சேர்ந்தால் எத்தனை, விலையும் சரக்கும் கெட்ட பக்கம் போனால் எத்தனை. மூன்றாவது எண்ணைப் பார்த்த பிறகும் துணிவு இருந்தால் கடன் வாங்கலாம். திட்ட அறிக்கை கேட்கும் வங்கியும், அதை எழுதித் தரும் தணிக்கையாளரும் இந்த மூன்றையும் கேட்கத் தொடங்கினால், முதல் எண்ணை மட்டும் நம்பி வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கும் குடும்பங்கள் குறையும்.