கல்லடி பட்ட குதிரையும் பனைமடற் குதிரையும்

பள்ளிப்பட்டிலிருந்து நகரி வழியாகப் புத்தூர்ப் பக்கம் செல்வார்க்கு நாராயணவனம் தொலைவன்று. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணியோடு பள்ளிப்பட்டுப் பகுதியும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தபோது இரண்டுக்கும் இடையே மாநில எல்லை விழுந்தது. கதைக்கு எல்லை விழவில்லை. ஆகாசராஜனுடைய நாராயணபுரமாக நாராயணவனத்தைக் கொள்ளும் ஸ்ரீநிவாச கல்யாணக் கதை எல்லைக்கு இப்புறம் தமிழிலும் அப்புறம் தெலுங்கிலும் சொல்லப்பட்டு வருகிறது. அக்கதையில் கேட்போர் தவறாமல் சிரிக்கும் இடம் ஒன்றுண்டு. வேட்டைக்கு வந்த திருவேங்கடமுடையானைப் பத்மாவதியின் தோழியர் கல்லால் அடித்து விரட்டும் இடம் அது. ஏற்கப்படாத காதலைக் கண்டு சிரிக்கலாமா, சிரித்தால் யாரைக் குறித்துச் சிரிப்பது என்னும் வினாவுக்கு ஸம்ப்ரதாயத்தில் இதனைவிட நேரான இடம் கிடைப்பது அரிது.

வேங்கடாசல மாஹாத்மியம் பல புராணப் பகுதிகளின் தொகுதி. கல்லடிப் படலம் அதில் பவிஷ்யோத்தர புராணத்தைச் சார்ந்த பகுதியில் வருவது. யானையைத் துரத்திக் குதிரைமேல் வந்த பெருமான் பூக்கொய்யும் பெண்களிடையே அரசகுமாரியைக் காண்கிறான். அவளுடைய குலமும் பெயரும் கேட்கிறான். அவர்கள் திருப்பிக் கேட்க, தன் குடிவழியைச் சொல்கிறான்: தந்தை வசுதேவர், தாய் தேவகி, தமையன் பலராமன், தங்கை சுபத்திரை, தோழன் பார்த்தன். முனிவர் கைகூப்பிக் கேட்கும் பெயர்கள் இவை. அந்தத் தோட்டத்தில் இவற்றுள் ஒன்றும் செல்லுபடியாகவில்லை. வேடன் ஒருவன் எல்லை மீறிப் பேசுகிறான் என்பதே அவர்கள் கண்டது. கற்கள் பறந்தன, குதிரை மாண்டது. பெருமான் நடந்தே மலையேறினான். உணவு கொண்டுவந்த வகுளமாலிகைக்கு முகம் கொடாமல் படுத்துக் கிடந்தான்.

இவ்விடத்தில் உபந்யாசகர் பலர் அவசரமாக ஒரு ஸமாதானம் சொல்வர்: “ஸர்வஜ்ஞனுக்கு மறுப்பேது, வருத்தமேது? எல்லாம் நாடகம்.” பக்தியால் சொல்வதாயினும் இது கதையின் இரண்டு கண்களையும் ஒருசேரக் குத்துவதாகும். வருத்தம் நடிப்பானால் நகையும் நடிப்பே. வலி இல்லாத இடத்தில் கல்லெறிக்குப் பொருளில்லை. குதிரையாவது மெய்யாகவே மாண்டதன்றோ? ஸௌலப்யம் என்னும் குணத்தைப் பூர்வாசார்யர்கள் வேடமாகக் கொள்ளவில்லை. உரலில் கட்டுண்டவன் கட்டுண்டவனே என்று கொண்டுதான் ஆழ்வார்கள் அந்த எளிமையை எண்ணி உருகினார்கள். தோட்டத்தில் அடிபட்டவனையும் அவ்வாறே கொள்ளவேண்டும்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டனுள் நகையை முதலில் வைத்து, எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கு அதற்கு நிலைக்களன் என்றார். சிருங்காரத்திலிருந்தே ஹாஸ்யம் பிறக்கும் என்பது பரதமுனிவர் கொள்கை. நாராயணபுரத்துத் தோட்டத்தில் இந்நான்கும் பங்கிடப்பட்டுள்ளன. எள்ளலும் இளமையும் தோழியருடையவை. வந்தவன் யார் என்று அறியாத பேதைமையும் அவர்களுடையதே. மடன் மட்டும் பெருமான் பங்கு. உரைகாரர் மடனைக் கொண்டது விடாமை என்பர். ‘போ’ என்ற பின்னும் போகாமல் நின்றவன் அவனே. எனவே இந்த நகை மறுத்தவளைக் குறித்தது அன்று, மறுக்கப்பட்டவனைக் குறித்தது. அவனும் எளியவன் அல்லன், பரன். இச்சிரிப்பு ஒருவரையும் புண்படுத்தாமைக்கு அதுவே காரணம்.

மறுக்கப்பட்டது எளியவரானால் என்ன ஆகும்? அதற்கு ஸ்ரீராமாயணத்து ஆரண்ய காண்டம் விடை தருகிறது. தன்னை விரும்பி வந்த சூர்ப்பணகையைப் பெருமாள் இளைய பெருமாளிடம் அனுப்புகிறார். அவரோ, தாம் அடிமை, அடிமைக்கு மனைவியாவதில் என்ன பயன் என்று திருப்பி அனுப்புகிறார். பரிஹாஸம் என்று வால்மீகி பகவானே அதனைக் குறிக்கிறார். பரிஹாஸம் அறியாத அவள் சொன்னதை மெய்யென்று கொண்டு, இடையூறாகத் தோன்றிய பிராட்டிமேல் பாய, அது மூக்கும் செவியும் அறுபடுவதில் முடிந்தது. பிராட்டியைக் காப்பதற்காகச் செய்தது என்பது உண்மை. அதனை மறுப்பார் இல்லை. எனினும் விளையாட்டுப் பேச்சு ஒன்றே அவளை அந்த எல்லைவரை கொண்டுவந்தது என்பதும் அதே காண்டத்தில் உள்ள உண்மை.

இதனை மனத்திற்கொண்டு திருமங்கையாழ்வாருடைய மடல்கள் இரண்டையும் சேர்த்து நோக்கவேண்டும். கைகூடாத காதலன் பனங்கருக்கால் குதிரை செய்து ஏறி, ஊரறியத் தன்னை நகைப்பொருளாக்கிக்கொள்வதே மடலூர்தல். பெண்ணுக்கு அது இல்லை என்பது தமிழ் மரபு. பெரிய திருமடலில் பரகால நாயகி அவ்விலக்கை அறிந்தே, தமிழ்நெறி தனக்கு வேண்டா, வடநெறியே வேண்டும் என்று துணிகிறாள். ஆடல்மா என்னும் குதிரையேறித் திரிந்தவரும், குமுதவல்லியார் விதித்த நிபந்தனைகளுக்கெல்லாம் உடன்பட்டே அவரைக் கைப்பிடித்தவருமான ஆழ்வார், நாயகியாகும்போது ஏறத்துணிவது பனைமடற் குதிரை. இதனை அவரே எண்ணி நகைத்திருப்பார் என்று தோன்றுகிறது.

மடலூர்வார் தம்மையே நகைக்கு இடமாக்குவர் என்பது பொதுவிதி. இந்நாயகி அவ்விதியைத் திருப்பிவிடுகிறாள். அருளாவிட்டால் தன் மானத்தை அன்று, அவன் மானத்தையே தெருவில் வைப்பேன் என்கிறாள். வெண்ணெய் களவில் அகப்பட்டுக் கட்டுண்டது, இந்திரனுக்கு இட்ட சோற்றைத் தானே உண்டது, தூது நடந்தது, குடக்கூத்தாடியது ஆகியன அவள் சபையில் எடுத்துவைக்கும் குற்றங்கள். உள்ளே இருக்கும் நகை வெளிப்படை. இவை ஒவ்வொன்றும் ஆழ்வார்கள் கண்ணீரோடு பாடும் குணங்கள். புகழ்மாலையை அப்படியே எடுத்துக் குற்றப்பத்திரமாக வாசிக்கிறாள். வசை என்று எண்ணிக் கேட்போர் அவனிடம் மேலும் ஈடுபடுவர். அவனும் நாணியாவது வந்தே தீரவேண்டும். இவ்வளவு கூர்மையான மிரட்டல் தமிழில் வேறு உண்டோ?

அந்தக் குற்றப்பட்டியலில் சூர்ப்பணகையும் வருகிறாள். சிறிய திருமடலில் அதே செயல் கட்டுவிச்சி வாயில் வருகிறது. மகளுக்கு நோய் செய்தவன் யார் என்று குறி சொல்பவள், அவன் பெருமைகளுள் ஒன்றாக, பிராட்டிக்கு நிகராவேன் என்று வந்த அரக்கியின் மூக்கும் காதும் அறுத்ததைச் சொல்கிறாள். பெரிய திருமடலில் நாயகி அதனையே சொல்லும்போது அரக்கி மாறிவிடுகிறாள். இராவணன் தங்கை என்பதும் கோபமும் எயிறும் அங்கே இருக்கின்றன. ஆனால் காமத்தால் சோர்ந்து பொன்னிறப் பசலை பூத்தவளாகவும் அவள் காட்டப்படுகிறாள். பசலை அகத்திணைத் தலைவிக்கு உரிய அடையாளம். மடலூரத் துணிந்த நாயகியின் மேனியிலும் இருப்பது அதுவே. தன்னை விரும்பி வந்தவளை அவன் சினந்து மூக்கரிந்தான் என்பதே இங்குக் குற்றச்சாட்டின் வடிவம்.

இதனை அரக்கிக்குப் பரிந்து பேசுவதாகக் கொள்வது மிகை. மடலின் வாதம் அவனை வரவழைப்பதற்கே ஆனது. அகப்பட்ட ஆயுதத்தையெல்லாம் நாயகி எடுக்கிறாள். ஆயினும் கட்டுவிச்சி பிராட்டியின் பக்கம் நின்று பார்த்ததை, மறுப்பின் வலியை அறிந்தவள் மறுக்கப்பட்டவள் பக்கம் நின்று பார்க்கிறாள் என்பதை விட்டுவிட்டுப் படிப்பதும் குறையே. ஒரே செயல் ஒரே ஆழ்வார் வாக்கில் இருமுறை இருநிறத்தில் வருவது தற்செயல் ஆகாது. ஜ்ஞான தசையில் தம் பேச்சும் ப்ரேம தசையில் பெண் பேச்சும் என்று ஆசார்ய ஹ்ருதயம் பிரித்ததன் பயன் இத்தகைய இடங்களில் தெளிவாகத் தெரிகிறது.

மறுக்கப்பட்டவளே நகைக்கும் முறையில் ஆண்டாளுக்கு ஒப்பார் இல்லை. நாச்சியார் திருமொழி பதினோராம் திருமொழி முழுவதும் கழன்றுபோன வளையைப் பற்றிய வழக்கு. சங்கு என்னும் சொல் வளைக்கும் பாஞ்சசன்னியத்துக்கும் பொது. அவன் கையில் அவனுக்கு உகந்த சங்கம் இருக்க, என் கையில் எனக்கு உகந்த சங்கம் அதற்கு நிகராகாதோ என்று தொடங்குகிறாள். பின்னர் ஒரு பாட்டில் அடி இன்னும் கூர்மையாக விழுகிறது. அன்று வாமனனாய் நீரேற்றுப் பெற்ற பிச்சை போதாமல், குறையைத் தீர்க்க என் வளைமேல் ஆசை வைத்தானானால், இத்தெருவழியே வரக்கூடாதோ என்கிறாள். மூவுலகளந்தவனைத் தெருப்பிச்சைக்காரனாக்கும் இவ்வரியில் ஏளனமும் அழைப்பும் பிரிக்கமுடியாமல் நிற்கின்றன. வளையையும் தருவாள், வரவேண்டும் என்பது மட்டுமே விலை. நிறைவுப் பாட்டில் வழக்கு அவன் வாக்கின்மேலேயே செல்கிறது. தன்னை உகப்பாரைத் தானும் உகப்பான் என்று பெரியாழ்வார் கேட்டறிந்த சொல் அவனிடத்திலேயே பொய்யானால், இனி அவனை யார் திருத்துவது? சிரித்துக்கொண்டே படித்து வருபவர் இங்கே சிரிப்பை நிறுத்திவிடுவர்.

மறுப்பவள் பக்கத்து நகைக்குத் திருவாய்மொழி ஆறாம் பத்தின் இரண்டாம் திருவாய்மொழி போதும். தாமதித்து வந்த கண்ணனைப் பந்தையும் கழலையும் வைத்துவிட்டுப் போகச் சொல்வதும், பசுக்களை ஓட்டிவிட்டு எங்காவது போயிருந்து குழலூதச் சொல்வதும், அவன் கள்ளத்தை அறியாதவரிடம் அப்பேச்சைச் சொல்லச் சொல்வதும் ஊடலின் மொழி. திருவரங்கத்தில் இது இன்றும் நிகழ்ச்சியாகவே நடக்கிறது. பங்குனித் திருநாளில் உறையூர் சென்று வந்த நம்பெருமாளுக்குப் பங்குனி உத்திரத்தன்று தாயார் ஸந்நிதிக் கதவு அடைக்கப்படுகிறது. கடலில் மூழ்கியும் பாம்புக்குடத்தில் கையிட்டும் ஸத்யம் செய்வதாக அவர் சொல்ல, கடல் அவருக்குப் படுக்குமிடம், பாம்பு படுக்கை, இதில் என்ன ஸத்யம் என்று தாயார் தரப்பு மறுக்கிறது. பரத்வ லக்ஷணங்கள் எல்லாம் அன்று அவருக்கு எதிர்ச்சாட்சிகள். நாராயணபுரத்துத் தோட்டத்தில் குடிவழி பயன்படாமற்போனது போன்றதே இதுவும். ஊடலில் கதவு நம்மாழ்வார் தூதால் திறக்கிறது. தோட்டத்தில் நேர்ந்தது முதல் மறுப்பு ஆகையால் அங்கே தூதருக்கு வேலை கடினம்.

வகுளமாலிகையைப் பெண் கேட்க அனுப்பிய பின்னும் பெருமான் பொறுத்திருக்கவில்லை. கூடை எடுத்துக் குறத்தி வேடம் பூண்டு தானே நாராயணபுரம் புகுந்தான். சிறிய திருமடலில், நோய் செய்தவன் இன்னான் என்று தாய்க்குக் குறி சொன்னவள் கட்டுவிச்சி. இங்கே நோய் செய்தவனே கட்டுவிச்சியாய் வந்து, தோட்டத்தில் கண்ட வேடனே உன் மகள் நோய்க்குக் காரணம், அவனுக்கே கொடு என்று தரணிதேவிக்குத் தன்னையே குறித்துச் சொன்னான். கல்லெறிந்தவர்கள் அருகிலேயே நின்று கேட்டிருப்பார்கள். குறத்தி குதிரையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.